சந்தைமேல் ஒரு பச்சைப் பொட்டு

அவன் கேட்டான், தம்பி. நாங்கள் சொன்னதைக் கேட்டான், சொன்னபடியே எழுதிக்கொண்டான், எழுதினபடியே செய்தும் விட்டான். இதைவிடப் பெரிய அயோக்கியத்தனத்தை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாயைக் கழுவ வேண்டும், ஓடுகிற பஸ்ஸில் தண்ணீருக்கு எங்கே போவது? கண்ணாடிக்காரன், சென்னைக்காரன், சிரித்த முகம். உங்களுக்கு அது போதும். அவனைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். நகரமைப்பு ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் பேசியிருக்கிறேன். அந்த இடத்தில் ஸ்டாப்பிங் இல்லை என்றான். நான் பேசினேன், இப்போது இருக்கிறது.

நீங்கள் பெரிய பஸ் ஸ்டாண்டு வரைக்குமா? நல்லது, நேரம் இருக்கிறது. பையை மேலே வையுங்கள். மருந்து கம்பெனியா? கழுத்துப்பட்டையைப் பார்த்தே நினைத்தேன். இல்லை, இந்தத் துண்டை மேலே வைக்க வேண்டாம், என் மடியிலேயே இருக்கட்டும். இது முகம் துடைக்கிற துண்டு இல்லை. இதுதான் என் ஆபீஸ்.

என் பேர் தவசி. ஆனைக்கல் தவசி என்று பொள்ளாச்சியில் கேளுங்கள், மணப்பாறையில் கேளுங்கள். மாட்டுத் தரகன். எங்கள் ஆனைக்கல் பேரூராட்சிக்குப் பெருமை என்று ஏதாவது உண்டென்றால் அது செவ்வாய்க்கிழமைச் சந்தைதான். ஊர் நட்டநடுவில் பேட்டை, சுற்றிப் புளியமரம், மேற்கே ஊருணி. செவ்வாய் விடிந்தால் லாரி நிற்க இடமிருக்காது. சாப்பாட்டுக்கடை, கயிற்றுக்கடை, லாடம் அடிக்கிறவன், சவரக்கடை எல்லாருக்கும் அந்த ஒரு நாள் சோறுதான் வாரம் முழுக்க. பேரூராட்சிக்கே சந்தைக் குத்தகைதான் வருமானம்.

நான் மூன்றாங்கிளாஸ் வரைதான் பள்ளிக்கூடம் போனேன். மிச்சப் படிப்பெல்லாம் ஒரே அறையில் முடிந்தது. மீசை முளைத்த வயசு, ஒரு தரகரிடம் கயிறு பிடிக்கிற வேலை. அவர் ஒரு காளைக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார், நான் பக்கத்தில் நின்று, "அடேயப்பா, என்னா காளை!" என்று வாயைப் பிளந்துவிட்டேன். விட்டார் ஒரு அறை. காதில் வண்டு ரீங்கரித்தது. அந்தக் காளையின் விலை அப்படியே ஏறிப்போச்சு. அவர் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, கன்னமே புரிந்துகொண்டது. வேண்டும் என்கிற பொருளை வேண்டும் என்று வாயால் சொல்லக்கூடாது. கண்ணால்கூடச் சொல்லக்கூடாது.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வாங்குகிறவன் கைமேலும் விற்கிறவன் கைமேலும் துண்டைப் போட்டுவிடுவோம். உள்ளே விரல் விலை பேசும். வெளியே வாய் வேறு பேசும். "இந்த எலும்பை ஓட்டிப்போயி நான் என்னப்பா செய்ய? புல்லு வெட்டிப்போட எனக்குத் தெம்பில்ல" என்று வாய் சொல்லும்போது, விரல் அந்த மாட்டை வாங்கிக்கொண்டிருக்கும். முதல் தடவை வேண்டாம் என்றால் வணக்கம் என்று அர்த்தம். இரண்டாவது வேண்டாம் என்றால் உட்காரு, டீ குடி என்று அர்த்தம். மூன்றாவது வேண்டாமில்தான் வியாபாரமே ஆரம்பிக்கும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும் எங்கள் ஊரில்.

என் பெண்டாட்டி பவுனைப் பெண் பார்க்கப் போனபோதே, "பொண்ணு கொஞ்சம் கட்டை, நமக்கு ஒத்துவராது" என்று எழுந்துவிட்டேன். மாமனார் ஒரு காலில் செருப்போடு தெரு முனைவரை ஓடிவந்து கூட்டிப்போனார். கூடுதலாக ஒரு கறவை மாடு வந்தது. பவுனு அதை இன்றுவரை மறக்கவில்லை. மறக்காமல் இருக்கட்டும், அந்த மாட்டுப் பாலைக் குடித்துத்தானே அவள் பிள்ளைகள் வளர்ந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பங்குனியில் ஒரு ஜீப் வந்தது. மைக் கட்டி, "நம்ம ஊரு, நம்ம திட்டம்! இன்னும் இருபது வருசத்துல ஆனைக்கல் எப்படி இருக்கணும்? நீங்களே வந்து சொல்லுங்க!" என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. எங்களுக்கு ஆச்சரியம். எங்களை எவன் கேட்டிருக்கிறான்? ரோட்டைத் தோண்டும்போது கேட்டானா? தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டுப் பக்கம் கட்டினானே, அப்போது கேட்டானா? இப்போது திடீரென்று வந்து, உனக்கு என்ன வேண்டும் என்கிறான். ஒருத்தன் வலிய வந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவன் யார்? விற்க வந்தவன். அல்லது வாங்க வந்தவன். இரண்டில் எதுவானாலும் முதலில் மனசைத் திறக்கக்கூடாது.

சிக்கந்தர் பாய் என்று ஒருத்தர், அவரும் தரகர்தான், எனக்குப் போட்டி, எனக்குச் சிநேகிதம். டீக்கடையில் வைத்துச் சொன்னார்.

"தவசி, இதான்யா நேரம். சந்தைக்கு ஒரு கொட்டகை, மாடு தண்ணி குடிக்க ஒரு தொட்டி, நாலு லைட்டு. நேரா கேட்டுருவோம்."

"நேரா கேட்டா என்னா சொல்லுவான் தெரியுமா பாய்? சந்தைதான் இருக்குதே, அப்புறம் கொட்டகை எதுக்கும்பான்."

"அப்ப எப்பிடிக் கேக்குறது?"

"கேக்கவே கூடாது. சந்தையே வேணாங்கணும்."

பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம்னா?"

"ஆமா. நாத்தம், சாணி, ஈ. எடுத்துத் தொலைங்கன்னு ஒரே வாயாச் சொல்லணும். சந்தைக் குத்தகை இல்லாட்டி பேரூராட்சியில சம்பளம் போட முடியுமா? பதறி அடிச்சு ஓடியாருவான். ஐயா, சந்தை இருக்கட்டும்யா, கொட்டகை போட்டுத் தாரோம், தொட்டி கட்டித் தாரோம்பான். அப்ப நாம, சரி, இவ்ளோ தூரம் கேட்டுக்கிறதால ஒத்துக்கிறோம்னு எறங்கி வருவோம்."

பாய் ரொம்ப நேரம் தாடியைத் தடவினார். பிறகு, "நீ மனுசனே இல்லய்யா" என்றார். எங்கள் தொழிலில் அது பெரிய பாராட்டு.

ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. கயிற்றுக்கடைக்காரன், லாடக்காரன், சுமை தூக்குகிறவர்கள், எல்லாருக்கும். தவசி சொல்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். மணமேடையில் ஜமுக்காளம் அளவுக்கு ஒரு படம் ஒட்டியிருந்தான், திட்டம் போட வந்த அந்தக் கண்ணாடிக்காரன். ஊரே அதில் இருந்தது. என் வீடு இருந்தது, என் வீட்டுக் கொல்லைப்புறம் இருந்தது. உங்கள் வீட்டை மேலேயிருந்து பார்த்திருக்கிறீர்களா தம்பி? ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. எல்லாருக்கும் டீ, சமோசா. கூடவே ஆளுக்கு ஒரு அட்டை. அதில் வட்ட வட்டமாக ஒட்டுப்பொட்டு, பாதி பச்சை, பாதி சிவப்பு. எது இருக்க வேண்டுமோ அதன்மேல் பச்சை ஒட்டணுமாம். எது போக வேண்டுமோ அதன்மேல் சிவப்பு. பொம்பளைகள் பொட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். "சிவப்பு எனக்கு எடுக்குதாடி?" "பச்சையை ஒம் மாமியா மேல ஒட்டு, அது இன்னும் இருக்கணும்ல?" ஒரே கூத்து. அவன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டே நின்றான்.

நான் படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வரிசையில் வந்தவனெல்லாம் சந்தைப்பேட்டை மேல் சிவப்பு ஒட்டினான். ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன். அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது பேட்டை.

அப்போதுதான் இருளாயி வந்தாள். சந்தையில் கம்பங்கூழ் விற்கிறவள். புருசன் இல்லை, மூன்று பெண்களையும் அந்தக் கூழ்ப்பானையை வைத்துத்தான் கரையேற்றினாள். வந்தவள் அந்தச் சிவப்புக்கெல்லாம் நடுவில் ஒரு பச்சையை எடுத்து அழுத்தி ஒட்டினாள். ஒட்டிவிட்டுக் கட்டைவிரலால் தேய்த்து வேறு விட்டாள்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ஏ இருளாயி, என்னா காரியம் பண்ற?"

"சந்தை இருக்கணும்ல? பச்சை ஒட்டச் சொன்னாக, ஒட்டிப்புட்டேன்."

"பச்சைய ஒட்டுனா காரியம் கெட்டுச்சு. சிவப்ப ஒட்டு."

"சிவப்பு வேணாங்கிறதுக்குல்ல?"

"ஆமா."

"எனக்கு வேணுமே தரகரே."

"வேணுங்கிறதாலதான் சொல்றேன்!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் காத்திருக்கவில்லை. நகத்தை விட்டு அந்தப் பச்சையை நானே பிய்த்து நாற்காலிக்கு அடியில் ஒட்டினேன். அவள் அட்டையிலிருந்து ஒரு சிவப்பை எடுத்து அவள் விரலில் வைத்தேன். "என்ன எழவோ, நீ சொன்னாச் சரி" என்று ஒட்டிவிட்டு, படியில் இறங்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரே ஒரு பச்சை தம்பி. அது இருந்திருந்தால் நம் கை பலவீனமாகியிருக்கும். நூறு பேர் வேண்டாம் என்கிற இடத்தில் ஒருத்தி வேண்டும் என்றால் எதிராளி அவளைத்தான் பிடிப்பான். நான் இருந்ததால் பிழைத்தோம்.

கடைசியில் அவன் என்னிடம் வந்தான்.

"ஐயா, சந்தைமேல இவ்ளோ சிவப்பு எதிர்பார்க்கல. ஒரு பச்சைகூட இல்லையே. நிஜமாவே வேணாமா?"

வந்துவிட்டான் பாருங்கள் வழிக்கு! எனக்குள்ளே மேளம் கொட்டுகிறது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "எதுக்கு சார் அந்தச் சனியன்? நாத்தம், சாணி, ஈ. எடுத்துட்டுப் போங்க."

"உறுதியா சொல்றீங்களா ஐயா?"

"உறுதியா."

இரண்டு ஆச்சு. இனி மூன்றாவது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசலைப் பார்த்து நடந்தேன், மெதுவாக. அப்படி நடக்கிறதே ஒரு வித்தை. போகிற மாதிரி இருக்கணும், போய்விடக் கூடாது. வாசலில் செருப்பை மாட்டுகிற சாக்கில் நின்றேன். வாரை அவிழ்த்து மறுபடி போட்டேன். கூப்பிடுவான், இதோ கூப்பிடுவான். முதுகெல்லாம் காதாக நிற்கிறேன். கடைசியில் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தால், அவன் அந்தப் படத்தை போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறான்!

நீங்களே சொல்லுங்கள். உலகத்தில் எந்தச் சந்தையில் முதல் பேச்சைக் கடைசிப் பேச்சாக எடுத்துக்கொண்டு எழுந்து போவான் ஒருத்தன்? அவன் அம்மா அவனுக்குச் சோறு வைக்கும்போது, போதும் என்று இவன் சொன்னால், அப்படியே சட்டியை மூடிவிடுவாளா?

சரி, யோசித்துவிட்டு வருவான் என்று இருந்தேன். சித்திரை போச்சு, வைகாசி போச்சு. எவனும் பேச வரவில்லை. எனக்குக் கொதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஆனியில் மறுபடி ஜீப். இந்தத் தடவை தெருக்கூட்டம். எங்கள் கீழத்தெருவில் வந்து நிற்கிறான், கையில் சின்னப் படம். "ஊர்க் குப்பையை உரமாக்க ஒரு கிடங்கு வரணும். எங்க வைக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! எனக்கு வந்ததே ஆத்திரம். "எங்க வைக்கலாமா? என் வீட்டு வாசல்ல வை! என் தலைமாட்டுல வை!" என்று கத்தி, அவன் கையிலிருந்த படத்தில் என் வீட்டுமேல் குத்தினேன். குத்தின குத்தில் தாள் கிழிந்தது.

அவன் கண் கலங்கிவிட்டது தம்பி. பொய் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ஐயா, எத்தனையோ ஊர் போயிருக்கேன். தன் தெருவுல வைங்கன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். இந்த மனசு யாருக்கும் வராது" என்றான். தெருவே கைதட்டியது. சிக்கந்தர் பாயும் தட்டினார். சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு தட்டினார்.

ஆவணியில் பேரூராட்சிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், வரைவுத் திட்டம். பாய்தான் படித்துக் காட்டினார். "பொதுமக்களின் ஏகோபித்த விருப்பத்திற்கு இணங்க..." என்று ஆரம்பிக்கிறது. சந்தைப்பேட்டையில் பேருந்து நிலையமும் வணிக வளாகமும். மாட்டுச்சந்தை புறவழிச்சாலை தாண்டி, பழைய கல்குவாரிக்கு. அங்கே மரம் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒரு காக்காய்கூட உட்காராது. மாட்டை இறக்கினால் பாறைச்சூட்டில் கால் தூக்கித் தூக்கி ஆடும். எந்த வியாபாரி வருவான்? நேராக அடுத்த ஊர்ச் சந்தைக்கு லாரியைத் திருப்பிவிடுவான். ஆனைக்கல் சந்தை என்று ஒன்று இருக்காது. அதற்குக் கீழே இன்னொரு வரி. உரக்கிடங்கு கீழத்தெரு கிழக்குக் கோடியில், குடியிருப்போரின் சொந்த ஆலோசனையின்படி.

சொந்த ஆலோசனை! பவுனு அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. "அதான் தலைமாட்டுல குப்பை வருதுல்ல, அதைத் தின்னு" என்றாள்.

அவன் ரூமுக்குப் போனேன். அவன் எங்கள் ஊரிலேயே ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தான். சட்டையைப் பிடிக்கிற மாதிரிதான் போனேன். "என்னடா செஞ்சு வச்சிருக்க?"

"ஐயா, நீங்க எல்லாரும் சொன்னதத்தானே செஞ்சிருக்கோம்? என் இஷ்டத்துக்கு ஒரு கோடுகூடப் போடல." நிஜமாகவே பயந்துபோய் நின்றான். "இது வரைவுதான் ஐயா. ஆட்சேபணை சொல்ல நாள் இருக்கு. சந்தை வேணும்னா வேணும்னு வந்து சொல்லுங்க. நானே எழுதி வாங்கிக்கிறேன்."

"வேணும்னு எவன்டா சொன்னான்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பின்னே? அவன் போட்ட தூண்டிலில் நான் வாயை வைப்பேனா?

அன்றைக்கு ஆரம்பித்தது தம்பி என் கச்சேரி. என்னை ஏமாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினவன் எவனும் இல்லை. ஒருத்தன் பல் தேய்ந்த கிழட்டு மாட்டை, இளசு என்று காட்டப் பல்லைச் சீவி என் தலையில் கட்டினான். எத்தனையோ வருசம் காத்திருந்து, அவன் மகளுக்குச் சீராக வாங்கின காளை ஜோடியை நானே தரகு பேசி, இரண்டும் இரண்டு திசைக்கு இழுக்கிற ஜோடியாகப் பார்த்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அவன் சம்பந்தி பேசமாட்டான். அப்படிப்பட்டவன் இவனை விடுவேனா? டீக்கடையில் சொன்னேன், அவனுக்கு டீ இல்லை. சவரக்கடையில் சொன்னேன், பாதித் தலையோடு கரண்டு போச்சு என்று எழுப்பிவிட்டான். மெஸ்ஸில் சொல்லி, அவன் இலைக்கு மட்டும் மிளகாயை அரைத்து ஊற்றச் சொன்னேன். மூக்கிலும் கண்ணிலும் ஊற்றுகிறது, "அக்கா, ஒங்க ஊர்க் குழம்பு மாதிரி எங்கயுமே இல்ல" என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிடுகிறான். இவனை எங்கே அடிப்பது? அடித்தால் நன்றி சொல்கிறான்!

ஆனால் அதெல்லாம் பெரிசில்லை. இருளாயி விஷயத்தைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

சுவரில் ஒட்டினதற்கு அடுத்த செவ்வாய். வழக்கமாக முதல் செம்பு கூழ் எனக்குத்தான். நான் போனால் கேட்காமலே மோர்மிளகாயோடு நீட்டுவாள். அன்றைக்கு எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தவள், நான் வந்ததும் பானையை மூடித் தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். பானையில் கூழ் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது.

"நான் ஒட்டுனத எதுக்குய்யா பிச்ச?"

"அது ஒனக்குப் புரியாது இருளாயி. அது யாவாரம்."

"எனக்கு என்ன யாவாரம்? அவன் கேட்டான், நான் சொன்னேன். ஒருத்தன் கேட்டு ஒருத்தி சொன்னது. நடுவுல நீ யாரு?"

சந்தையே பார்க்கிறது. வியாபாரிகள் எல்லாம் நிற்கிறார்கள். எனக்குக் கூழ் கிடையாது என்று ஒரு கூழ்க்காரி சொல்லிவிட்டாள். இந்த அவமானத்துக்கு யார் காரணம்? அவன்தானே? அவன் அந்தப் பச்சைப் பொட்டைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் ஒட்டியிருப்பாளா? அவள் ஒட்டாமல் இருந்திருந்தால் நான் பிய்த்திருப்பேனா? அதையும் அவன் பாவத்தில்தான் சேர்த்திருக்கிறேன்.

ஆட்சேபணைக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். மாலையில் ஆபீஸைச் சாத்திவிட்டால், அப்புறம் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவார்களாம். காலையில் கிளம்பும்போது பவுனு வாசலை மறித்து நின்றுகொண்டாள்.

"போயி என்னா சொல்லப்போற?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

"வேணும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாய்யா. நாக்கு அழுகிப்போகாது."

"நான் எறங்கிப்போனா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"என்னையும் வேணாம்னுதான் சொன்ன. எங்கப்பன் பின்னாலயே ஓடியாந்தாரு. ஊருல இருக்கிறவன் எல்லாம் எங்கப்பனா?" என்றாள். பொம்பளை இத்தனை வருசம் கழித்து எங்கிருந்து எதைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் பாருங்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அவளுக்குப் பதில் சொன்னால் பஸ் போய்விடும்.

அதோ, டிரைவருக்குப் பின் சீட்டில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைச் சேலை, அவள்தான் இருளாயி. மெல்லப் பாருங்கள், திரும்பிவிடப் போகிறாள். அவளும் அங்கேதான் போகிறாள். எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது, பஸ்ஸில் எந்தப் பக்கம் ஏறினால் எந்த ஊர் போகும் என்றுகூடத் தெரியாது. கண்டக்டரிடம், "எங்கூரு சந்தை வேணும்னு சொல்லப்போறேன், அந்த ஆபீசுல எறக்கிவிடுய்யா" என்று சத்தமாகச் சொல்லி டிக்கெட் வாங்கினாள். பஸ்ஸுக்கே தெரிந்துபோச்சு அவள் விலை. இப்படியா பேரம் பேசுவது? இவள் போய் முதல் வார்த்தையிலேயே காலில் விழுந்துவிட்டால், அப்புறம் கொட்டகையாவது, தொட்டியாவது? இவளை முந்திக்கொண்டு நான் உள்ளே போக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கதவோரச் சீட்டைப் பிடித்தேன்.

நான் என்ன சொல்லப்போகிறேனா? அதே வார்த்தைதான். சந்தையா, எடுத்துட்டுப் போங்க சார், ரொம்ப சந்தோசம், குவாரியும் வேணாம், ஒரேயடியாக மூடிருங்க. அப்படிச் சொல்லிவிட்டுத் துண்டை உதறுவேன். இந்தத் தடவை விடமாட்டான், பாருங்கள். இந்தத் தடவை பின்னாலேயே வருவான்.

என்ன சிரிக்கிறீர்கள்?

மறுபடி எழுதிக்கொள்வான் என்கிறீர்களா? எப்படி எழுதிக்கொள்வான்? மனுசன்தானே அவன்? என் முகத்தைப் பார்க்க மாட்டானா? அந்தப் பேட்டையில் நான் படுத்து எழுந்திருக்கிறேன் தம்பி. அந்தப் புளியமரத்தடியில் என் மகன் பிறந்த சேதி வந்தது. துண்டுக்குள் கையை விட்டபடியே கேட்டேன், பிடித்த விரலைக்கூட விடவில்லை. ஒருத்தன் வேண்டாம் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினால் அவனுக்கு அது வேண்டும் என்று ஒரு படிச்சவனுக்குத் தெரிய வேண்டாமா? வேண்டாதவன் எதற்கு இத்தனை மாசம் தூங்காமல் கிடக்கிறான்? வேண்டாதவன் எதற்கு இந்த வெயிலில் பஸ் ஏறுகிறான்? எனக்கு வேணும்யா! எங்க சந்தை எனக்கு வேணும்!

என்ன எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? ரொம்பச் சத்தமாகவா சொல்லிவிட்டேன்?

அவளும் திரும்பிவிட்டாள். பார்க்காதீர்கள் அந்தப் பக்கம். என்ன சொல்கிறாள்? "இதத்தானய்யா நான் அன்னைக்கே சொன்னேன்" என்கிறாள், கேட்டதா உங்களுக்கு? ஒரு ஆவணி, ஒரு புரட்டாசி முழுக்க என்னிடம் ஒரு சொல் பேசாதவள். தூக்குவாளி மூடியைத் திறக்கிறாள், கூழ்தான். யாருக்கோ கொடுக்கட்டும், எனக்கென்ன. எனக்கு வேண்டாம். நான் கேட்கவே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் பார்க்கலாம்.

நீங்கள் எதையும் கேட்கவில்லை தம்பி, தெரிகிறதா? தவசி வேணும் என்று சொன்னான் என்று மணப்பாறைப் பக்கம் எங்கேயும் பேச்சு வரக்கூடாது. வெயில், தலை சுற்றல், ஏதோ உளறினேன்.

ஆனால் அவன் கேட்டிருக்க வேண்டும். அதுதான் நான் சொல்வது. அவன் கேட்க வேண்டியது கல்யாண மண்டபத்தில் மைக்கை வைத்துக்கொண்டு இல்லை. வரட்டும் அவன். அந்தப் படத்தைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஆனைக்கல்லுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வரட்டும். புளியமரத்தடியில் எனக்கு எதிரே குந்தட்டும். கையை நீட்டட்டும், நான் துண்டைப் போடுகிறேன். சந்தை வேணுமா என்று கேட்கட்டும். வேண்டாம் என்பேன். மறுபடி கேட்கட்டும், வேண்டாம் என்பேன். நான் எழுந்து நடந்தால் பின்னால் வரட்டும், ஒரு காலில் செருப்போடு ஓடிவரட்டும். மூன்றாந்தடவை கேட்கட்டும். வாய் என்ன சொன்னாலும் என் விரல் அவனுக்குச் சொல்லும்.

அப்புறம் அந்தப் படத்தை விரித்து, இருளாயி ஒட்டின அதே இடத்தில், அதே பச்சைப் பொட்டை, எல்லாரும் பார்க்க அவன் கையாலேயே ஒட்டட்டும். கல்யாண மண்டபத்தில் அந்த நாற்காலி இன்னும் கிடக்கிறது, அடியில் பொட்டும் இருக்கிறது, போன வாரம்கூடப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். அவனே குனிந்து எடுக்கட்டும்.

நான் பிய்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஒட்ட வேண்டியது அவன். அதுதான் நியாயம்.

கண்டக்டர்! ஆபீஸ் வந்தாச்சு, நிறுத்துய்யா! அந்தப் பச்சைச் சேலையை முதலில் இறக்கிவிடாதே!